கார்த்திகையில் காய்ந்த வடாம்

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் போடுவார்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், சம்பந்தி என்று பெரியவர்கள் எல்லோரும் பட்டம் பதவியோடு வரிசையாக வந்து முடிந்த பிறகு, யாருக்குக் கல்யாணம் என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுரையில் முதல் பெயர் டீன். அடுத்து முதல்வர். அடுத்து தாளாளரின் மருமகள். அவர் படித்தது வணிகவியல், வகிப்பது ஆராய்ச்சி இயக்குநர் பதவி. அதற்கடுத்து துறைத் தலைவர். வேலையைச் செய்த ஆள் கடைசியில், இடம் மிச்சமிருந்தால். இதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. பெயரை விட்டால்தான் தப்பு. ஒருமுறை இயற்பியல் துறையில் ஒருவர் தன் கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் போட்டுவிட்டார். அந்த ஆளுக்கு மரியாதை தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் மாதக்கணக்கில் பேசிக்கொண்டார்கள்.

நான் அங்கே வேதியியல் உதவிப் பேராசிரியர். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம், அந்த ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று வரும். வீடு முடிச்சூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். முன்பு வயலாக இருந்த இடம். ப்ளாட் போட்டவர்கள் வயலையும் விடவில்லை, வாய்க்காலையும் விடவில்லை. வயல் கிணற்றை மட்டும் என்ன நினைத்தார்களோ, தூர்க்காமல் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்து, மேலே கம்பி வலை போட்டு, மோட்டாரை இறக்கிவிட்டார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் செப்டிக் டேங்க். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடியிருப்பின் செப்டிக் டேங்க். நடுவில் இருக்கும் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம், துவைத்தோம். குடிக்க மட்டும் கேன் தண்ணீர்.

இதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் என் பி.எச்.டி. தலைப்பு பிறந்தது. முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கத்துக் குடியிருப்புக் கிணறுகளில் நைட்ரேட் எவ்வளவு, எந்த மாதத்தில் ஏறுகிறது, எந்த மாதத்தில் இறங்குகிறது. கழிவு மண்ணில் இறங்கி, மக்கி, கரைந்து கடைசியில் கிணற்றுக்கு வந்து சேரும் உப்புதான் நைட்ரேட். நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் அளவு மீறிக் கலந்தால், இரத்தத்தில் பிராணவாயு சரியாகச் சேராமல் குழந்தை நீலம் பாரித்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

ஒரு வருஷம் முழுக்க ஸ்கூட்டரில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். வாட்ச்மேன்கள் என்னைத் தண்ணீர் வரி அதிகாரி என்று நினைத்து உள்ளே விடாமல் இருந்ததும் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்தது. முடிச்சூர் தெருக்களில் தண்ணீர் வழக்கம்போல் முழங்காலுக்கு வந்தது, பிறகு வழக்கத்தை மீறி இடுப்புக்கு வந்தது. எங்கள் குடியிருப்பையே காலி செய்தோம். நான் கூடுவாஞ்சேரியில் அக்கா வீட்டுக்குப் போனேன். கிணறு எது, செப்டிக் டேங்க் எது, தெரு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராக நின்றது. மோட்டார் மூழ்கி எரிந்து, அதைச் சரிசெய்து ஓட்டும்போது மார்கழி பாதி போய்விட்டது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் முடிச்சூர்க் கிணறுகளிலிருந்து ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. தெருவில் நடக்க முடிந்த மாடம்பாக்கத்தில் மட்டும் எடுத்தேன். அங்கே நைட்ரேட் கோடைகாலத்து அளவைப்போல் பல மடங்கு ஏறியிருந்தது.

கட்டுரையில் முடிச்சூருக்கு அந்த இரண்டு மாதங்களுக்கு நேரே வெறும் கோடு போட்டேன். வெள்ளத்தால் மாதிரி எடுக்க இயலவில்லை என்று அடியில் ஒரு வரி எழுதினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என் கைடு டீன்தான். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரையும் அதட்ட மாட்டார், வாய் நிறைய அம்மா போட்டுத்தான் பேசுவார். அவர் பெயரில் வருஷத்துக்கு வரும் கட்டுரைகளை எல்லாம் அவரே எழுதியிருந்தால் மனிதர் தூங்கியே இருக்க முடியாது. அவர் நன்றாகத் தூங்கினார் என்பதற்குத் துறைக் கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நானே சாட்சி.

"இப்படிக் கோடெல்லாம் போட்டா ரிவ்யூவர் கேள்வி கேப்பான்மா" என்றார்.

"கேக்கட்டுமே சார். பதில் கீழேயே இருக்கே."

"நான் பாத்துக்கறேன். நீ ஃபைலை மட்டும் மெயில் பண்ணும்மா."

பார்த்துக்கொண்டார். அக்டோபர் எண்ணையும் ஜனவரி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தார், அது நவம்பர். அதில் கொஞ்சம் தள்ளுபடி செய்தார், அது டிசம்பர். ஊரையே படகில் ஏற்றிய மழைக்காலத்தை இரண்டாம் வகுப்புக் கணக்கில் முடித்துவிட்டார். என் அடிக்குறிப்பு காணாமல் போனது. முடிவுரையில் நான் எழுதாத ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்தது: முடிச்சூர்க் கிணற்று நீர் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் குடிக்க உகந்தது.

அவர் அனுப்பிய ஜர்னலும் அவருக்கு ஏற்ற ஜர்னல்தான். ஒரு வாரத்துக்குள் ஏற்றுக்கொண்டார்கள். நிபுணர்கள் பரிசீலித்ததாகச் சொன்னார்கள். நிபுணரின் ஒரே கருத்து, இன்னின்ன கட்டுரைகளையும் மேற்கோள் காட்டினால் ஆய்வு மேலும் சிறக்கும் என்பது. அந்த இன்னின்ன கட்டுரைகள் அனைத்தும் ஜர்னலின் ஆசிரியர் எழுதியவை. தண்ணீரைப் பற்றி நிபுணருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். கட்டுரை ஆசிரியர்கள் ஐந்து பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். அச்சான கட்டுரையை நான் முதன்முதலில் படித்தது அந்தச் சால்வையோடுதான். அட்டவணையில் கோடு இருந்த இடத்தில் எண் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையை மேஜை மேல் போட்டுவிட்டு டீன் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ரெண்டு மாசம் எங்க கிணத்துப் பக்கமே யாரும் போகல. நானே ஊர்ல இல்ல."

"இன்டர்போலேஷன்மா. எல்லாரும் பண்றதுதான்."

"அப்ப கணிச்சோம்னு எழுதணும் சார். சேகரிக்கப்பட்டதுன்னு இல்ல எழுதியிருக்கு."

"அப்படி எழுதினா எவன்மா போடுவான்?" என்றார். முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. உண்மையாகவே என்னைப் புரியாமல் பார்த்தார். "தீசிஸ் சப்மிட் பண்ணணும்னா ஒரு பேப்பர் வேணும். வந்தாச்சு. அடுத்த வேலையைப் பாரும்மா."

ஒரு கட்டுரை வெளியானால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும் என்பது விதி. அந்தக் கட்டுரை போனால் என் பட்டமும் போகும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைடை மாற்றலாமா, வேறு கட்டுரை எழுதலாமா என்று சில நாட்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அதற்குள் கட்டுரை என் வீட்டு மொட்டை மாடிக்கே வந்துவிட்டது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சில் வந்த எதையும் நம்புவார், ஆள் நேரில் வந்து சொல்லும் எதையும் நம்ப மாட்டார். மொட்டை மாடியில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில், மஞ்சள் கோடு போட்ட பிரதிகளை எல்லோருக்கும் கொடுத்தார்.

"நம்ம கிணறு இன்டர்நேஷனல் ஜர்னல்ல வந்திருக்கு. எழுதினது வேற யாரும் இல்ல, நம்ம செகண்ட் ஃப்ளோர் மேடம். வருஷம் பூரா குடிக்கலாம்னு ப்ரூவ் பண்ணியிருக்காங்க. கேன் தண்ணியில சத்தையெல்லாம் எடுத்துடறான், ப்ளாஸ்டிக் வேற. அடுத்த மாசத்துலேருந்து கேன் வேண்டாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"சார், அதுல நவம்பர், டிசம்பர் நம்பர் ரெண்டும் பொய். நான் எடுக்கவே இல்ல."

"உங்க பேர் இருக்கே மேடம்?"

"பேர் இருக்கு சார். தண்ணி எடுக்கல. அந்த மாசம் நீங்களே போட்ல ஏறி வேளச்சேரிக்குப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டீங்க. மோட்டார் எரிஞ்சு கெடந்துது. யார் சார் வந்து எடுத்திருப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "பெரிய காலேஜ். அவங்களுக்கு ஏதாவது வழி இருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் ரொம்ப ஹம்பிள்."

அந்த மகள்தான் அப்போது பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். குழந்தை பிறந்து சில வாரங்கள். தாய்ப்பால் போதாமல் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தார்கள். எந்தத் தண்ணீரில் என்று மறுநாள் மாடிப்படியில் கேட்டேன். "கிணத்துத் தண்ணிதான் ஆன்ட்டி, நல்லா கொதிக்க வெச்சுத்தான் கலக்கறோம். உங்க பேப்பரை அப்பா படிச்சுக் காமிச்சார்" என்றாள். கோடைகாலம். கிணற்று நீரை அன்றே சோதித்தேன், அளவுக்குள்தான் இருந்தது. மழை வந்தால் இருக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது என்று சொன்னேன். அவள் அப்பாவைக் கேட்கிறேன் என்றாள். அந்தக் குழந்தைக்கு என் பெயரைக் காட்டித் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்ற நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜர்னலுக்கு எழுதினேன். மதிப்பிற்குரிய பேராசிரியரே என்று தொடங்கி, தங்கள் அடுத்த படைப்பை விரைவில் எதிர்பார்க்கிறோம் என்று முடியும் பதில் ஒன்று வந்தது. மறுபடியும் எழுதினேன். உங்கள் கல்லூரியே விசாரித்துச் சொல்லட்டும் என்றார்கள். கல்லூரி ஒரு நேர்மைக் குழுவை அமைத்தது. குற்றம் சாட்டப்பட்ட டீன் அதில் இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். அதனால் தாளாளரின் மருமகள் தலைவர். முதல்வரும் துறைத் தலைவரும் உறுப்பினர்கள். கட்டுரையின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து முதல் ஆசிரியரை விசாரித்தார்கள்.

டீன் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் கல்லூரியில் எதைச் செய்தாலும் புகைப்படம் எடுக்க வேண்டும். இடமும் தேதியும் படத்தின் மேலேயே பதிந்து வர வேண்டும். மரம் நட்டாலும் படம், ரத்த தானம் என்றாலும் படம். தரச்சான்றுக்கு வருபவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், மரத்தைப் பார்க்க மாட்டார்கள். டீன் ஒரு படத்தைத் திரையில் போட்டார். எங்கள் குடியிருப்புக் கிணறு. பின்னால் மழைக்கால நீர் மாதிரி சேகரிப்பு முகாம் என்று பேனர். முன்னால் என்னைத் தவிர மற்ற நான்கு ஆசிரியர்களும், ஆளுக்கு ஒரு பாட்டிலோடு. ஓரத்தில் எங்கள் செக்ரட்டரி, முகமெல்லாம் சிரிப்பாக. மூலையில் தேதி: போன வருஷத்து நவம்பர்.

நன்றாகப் பார்த்தேன். கிணற்றடி மட்டும் நனைந்திருந்தது. மற்றபடி தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. முதல்வர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்திருந்தார். அவருக்குப் பின்னால் நீளமாகப் பழைய வேட்டி விரித்து, அதன் மேல் வரிசை வரிசையாக வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், அந்தத் தேதியில அங்க இடுப்பளவு தண்ணி. காலேஜே லீவு விட்டிருந்துது. சரி, அதை விடுங்க. கார்த்திகை மழையில யாராவது வடாம் போடுவாங்களா?" என்று தலைவரைக் கேட்டேன்.

தலைவர் திரையைப் பார்த்தார். அவர் வீட்டில் வடாம் பாக்கெட்டில்தான் வரும் போலிருக்கிறது. டீனைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் மழை விட்டிருந்ததும்மா" என்றார் டீன்.

மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன என்று குழு தன் அறிக்கையில் எழுதிக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் நடத்தை சரியில்லை என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது கல்லூரி வேன் டிரைவர் நின்றிருந்தார். அவர்தான் நால்வரையும் அழைத்துப் போயிருக்கிறார். "இன்னாக்கா, கூப்ட்டு வெச்சு வறுத்துட்டாங்களா? மண்டை பொளக்கிற வெயில்ல மழைன்னு பேனர் கட்னா எப்டிக்கா? நாந்தான் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திகினு நின்னேன். ஊத்த ஊத்த காஞ்சி பூடுது, செம பேஜாரு" என்றார். நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் இந்த முகாம் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து செக்ரட்டரியிடம் கேட்டேன். ஆமாம், காப்பிகூடக் கொடுத்தோமே என்றார். தேதியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அது ஃபார்மாலிட்டி மேடம். ஆடிட் வந்தா நாங்களும் பின் தேதி, முன் தேதி போட்டுத்தான் சரிக்கட்டுவோம். அதுக்காக பேங்க் இல்லேன்னு ஆயிடுமா?"

இந்த மனிதரோடு என்ன பேசுவது? மாடியேறிவிட்டேன்.

குழு ஒரு சலுகை கொடுத்தது. மனசாட்சி உறுத்தினால் நான் என் பெயரை விலக்கிக்கொள்ளலாம். கட்டுரையையே விலக்குங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதினேன். அவர்களுக்கு அதில் பாதிதான் பிடித்திருந்தது. ஜர்னலில் சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஐந்தாம் ஆசிரியரின் வேண்டுகோளின்படி அவர் பெயர் நீக்கப்படுகிறது, கட்டுரையின் முடிவுகளில் மாற்றமில்லை. ஆக, அந்தத் தண்ணீரைக் கையால் தொட்ட ஒரே ஆளான நான் கட்டுரையை விட்டு வெளியேறினேன். தொடாத நால்வரும் பத்திரமாக உள்ளே இருந்தார்கள். கட்டுரை இல்லாததால் ஆய்வேடும் இல்லை. டீன் இனி எனக்குக் கைடாக இருக்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அதிலும் அன்போடு, என் எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி. அன்று கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். பட்டம் போன துக்கம் பாதி. இவ்வளவு அற்பமான ஆட்களிடம் போய்த் தோற்றேனே என்ற ஆத்திரம் மீதி.

செக்ரட்டரி திருத்தத்தையும் அச்செடுத்து வைத்திருந்தார். "இப்ப உங்க பேர் இல்லையே மேடம். டீன், பிரின்சிபால், டைரக்டர்னு பெரிய பெரிய ஆளுங்கதான் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவருக்குக் கட்டுரையின் மதிப்பு இன்னும் கூடித்தான் போயிருந்தது. கேன் போடும் பையன் எங்கள் குடியிருப்பில் என் வீட்டுக்கு மட்டும் படியேறி வந்தான்.

அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் மூன்று நாள் விடாமல் பெய்தது. வெள்ளம் இல்லை, கணுக்கால் தண்ணீர்தான். மோட்டார் ஓடியது. கிணறு விறுவிறுவென்று மேலே ஏறியது. செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றிக் குமிழ் விட்டது. மழை விட்ட அன்று காலை கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தேன். சோதனைக் குழாயில் ஏறிய நிறத்தைப் பார்த்ததும் கல்லூரிக்கு லீவு சொன்னேன். சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் வேளச்சேரிக்குத் திரும்பாத மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் பாலைக் கரைத்து ஆற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை பாட்டிலைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தது. நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் மழை தாமதமாக வந்தது மட்டும்தான்.

"சார், அஞ்சு நிமிஷம். நான் ஒண்ணும் பேசப் போறதில்ல" என்றேன்.

இரண்டு கண்ணாடிக் குழாய்களை மேஜையில் நிறுத்தினேன். ஒன்றில் என் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேன் தண்ணீர். இன்னொன்றில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் கொதிக்க வைத்து ஆறியிருந்த தண்ணீர். அதை மகளையே ஊற்றச் சொன்னேன். இரண்டிலும் மருந்தைப் போட்டுக் குலுக்கினேன். நைட்ரேட் இருந்தால் ரோஜா நிறம் வரும், அளவு கூடக் கூட நிறம் ஏறும் என்று மட்டும் சொன்னேன். நிறங்கள் அச்சிட்ட அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். கேன் தண்ணீர் நிறம் மாறாமல் நின்றது. அவர்கள் வீட்டுத் தண்ணீர் முதலில் லேசாகச் சிவந்தது. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி ஏறி, அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிப் பீட்ரூட் சாறு போல ஆனது.

செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம்," என்றார். "இது எந்த ஜர்னல்ல வந்திருக்கு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பால் பாட்டிலின் மூடியைத் திருகிக் கழற்றி, முழுவதையும் சிங்க்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.